ஹார்ட் மாத்திரை என்று ஒரு மாத்திரை கிடையாது

"வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கிளினிக்கில் கேட்டிருக்கிறார்கள். "ஹார்ட் மாத்திரை சாப்பிடுறேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு, வயிற்றுப்போக்குக்கு வழக்கமாக என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்துவிட்டார்கள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். அப்பாவும் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பதிலில் டாக்டருக்கு உதவுகிற மாதிரி எதுவுமே இல்லை. ஆஸ்பிரினும் ஹார்ட் மாத்திரைதான், கொழுப்பு மாத்திரையும் ஹார்ட் மாத்திரைதான். அப்பா சாப்பிடுவது துடிப்பைச் சீராக வைக்கிற அமியோடரோன். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எழுதிய சீட்டே வேறு மாதிரி இருந்திருக்கும்.

துடிப்பு தாறுமாறாகி அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள்.

அப்பா 31 வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். பாதி சர்வீஸ் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிற வண்டியில். 2011-இல் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, தேறிவிட்டார். எட்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. 2019 ஆடி மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பனியன் முழுக்க வியர்வை. வலி இல்லை என்றார். "வண்டிய நியூட்ரல்ல போட்டு ஆக்ஸிலேட்டர மிதிச்ச மாதிரி இருக்கு தாயி" என்றார்.

அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது என்று பிறகு மதுரையில் இதய டாக்டரே சொன்னார். ஈசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 190. பழைய மாரடைப்பில் இறந்துபோன தசை தழும்பாகக் கிடக்கிறது. மின்சாரம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றியே ஓடுகிறது. கீழறைகள் அதன் வேகத்துக்கு அடித்துக்கொள்கின்றன. இவ்வளவு வேகத்தில் துடித்தால் ரத்தம் வந்து நிரம்ப நேரமே இருக்காது. இன்ஜின் இரையும், வண்டி நகராது. வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்று பெயர். விட்டால் அது வெறும் நடுக்கமாக மாறி, சில நிமிடங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். மயக்க ஊசி போட்டு, மார்பில் ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

அதன் பிறகு தோள்பட்டைக்குக் கீழே ஐசிடி கருவி வைத்தார்கள். ஊரில் எல்லாரும் பேஸ்மேக்கர் என்றே சொல்கிறார்கள், அது வேறு. இது துடிப்பு தறிகெட்டால் உள்ளிருந்தே ஷாக் அடித்து நிறுத்துகிற கருவி. "அதான் மெஷின் வச்சாச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. டாக்டர் சொன்னார்: "வந்தா நிறுத்துறது மெஷின்மா. வராம பார்த்துக்கிறது மாத்திரை. ஷாக் அடிச்சா நெஞ்சுல உதைச்ச மாதிரி இருக்கும். அடிக்கடி அது வரக்கூடாது."

அந்த மாத்திரைதான் அமியோடரோன். முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று, அடுத்த வாரம் இரண்டு, அதற்குப் பிறகு ஒன்று. 200 மில்லிகிராம். உடம்பு முழுக்க மருந்து நிரம்ப வேண்டும் என்பதற்காக ஆரம்பத்தில் அதிகம் கொடுத்து, பிறகு குறைப்பார்களாம். அளவும் நாளும் ஆளுக்கு ஆள் மாறும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது ஒரே ஒரு வரியில் இருந்தது, அதுவும் சுருக்கெழுத்தில். குறைக்க வேண்டிய தேதியைக் கேட்டு வாங்கி, காலண்டரில் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். மூன்று வேளையையே மாசக்கணக்கில் தொடர்ந்த ஒரு பெரியவரை அதே வார்டில் பார்த்தேன்.

இந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. கெல்லா என்று ஒரு செடி, நம் ஓமத்துக்கு உறவு. எகிப்துப் பக்கம் பழங்காலத்திலிருந்தே அதை மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்த ஒரு பொருளை அடிப்படையாக வைத்து 1961-இல் பெல்ஜியத்தில் உருவாக்கியதுதான் அமியோடரோன். அப்போது அது நெஞ்சுவலி மாத்திரை. துடிப்பைக் கட்டுப்படுத்தும் குணம் அதற்கு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அர்ஜென்டினாவில் ரோசன்பாம் என்ற டாக்டர் எழுபதுகளில் அதை வைத்து வைத்தியம் செய்து காட்டினார். 1985-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோதே, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவ்வளவு வேலை செய்கிற மருந்து, அவ்வளவு கவனமும் கேட்கிறது.

துடிப்பைத் திருத்துகிற மருந்துகளுக்கே ஒரு சுபாவம் உண்டு. துடிப்பைக் கெடுக்கவும் அவற்றால் முடியும். 1989-இல் வெளிவந்த காஸ்ட் ஆய்வு இதை உலகத்துக்கே காட்டியது. மாரடைப்புக்குப் பிறகு தப்புத் துடிப்பு இருந்தவர்களுக்கு ஃபிளெகனைடு, என்கனைடு என்ற மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈசிஜி அழகாகச் சீரானது. ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமியோடரோன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை, மாரடைப்பு வந்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் நிம்மதி. ஆனால் "கூட என்ன சேருதுன்னு பார்த்துக்கணும்" என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் அப்போது காதில் வாங்கியதோடு சரி.

இனி அந்த வயிற்றுப்போக்கு. பங்குனிப் பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து அப்பாவுக்கு எட்டு முறை, பத்து முறை போயிருக்கிறது. நீர் பிரிவதற்காகச் சாப்பிடும் ஃபுரோசமைடு மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். சாயங்காலம் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் வாந்திக்கு ஒண்டான்செட்ரான் ஊசி, வயிற்றுக்கு ஒஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த மாத்திரை. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்று போனால் பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அடுத்த நாள் அப்பாவுக்குத் தலை லேசாகச் சுற்றியது. கழிவறைக்குப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வயிற்றுப்போக்கில் வந்த அசதி என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த ஆடி மாத ராத்திரி ஞாபகம் வந்தது. கார் பிடித்து நேராக மதுரை. ஈசிஜி எடுத்த பையன் தாளைப் பார்த்துவிட்டு ஓட்டமாகப் போனான்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக மின்சாரத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். ஈசிஜியில் அந்த நேரத்தைக் க்யூடி என்று அளக்கிறார்கள். ஆண்களுக்கு 450 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. அமியோடரோன் அதை நீட்டும். அது வேலை செய்கிற விதமே அப்படித்தான். ஒஃப்ளாக்ஸசினும் நீட்டும். ஒண்டான்செட்ரானும் நீட்டும். உடம்பில் பொட்டாசியம் குறைந்தாலும் நீளும். வயிற்றுப்போக்கிலும் நீர் மாத்திரையிலும் போனது அந்தப் பொட்டாசியம்தான். 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது அப்பாவுக்கு 2.9. க்யூடி 500-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் இதயம் எந்த நிமிடமும் இன்னொரு மோசமான துடிப்புக்குள் விழலாம். பொட்டாசியமும் மெக்னீசியமும் நரம்பில் ஏற்றி, இரண்டு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே வைத்திருந்தார்கள். கருவி ஷாக் அடிக்காமல் தப்பினோம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் அப்பாவிடம் கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" அப்பா யோசித்துவிட்டு அட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைச் சொன்னார். "அது கடைக்காரர் மாத்திக் கொடுத்தா மாறிடும். மருந்தோட பேரைச் சொல்லுங்க." அப்பா மூன்றாவது தடவையில் சொல்லிவிட்டார். அ, மி, யோ, ட, ரோன்.

அந்த வாரமே அலமாரியில் கிடந்த கண்டக்டர் பையை இறக்கினார். தோள்பட்டை வார் தேய்ந்து, சில்லறை போடுகிற அறையில் தோல் கறுத்துப் போயிருக்கும் பை. இப்போது சில்லறை அறையில் காலை மாத்திரை, டிக்கெட் கட்டு வைக்கிற அறையில் ராத்திரி மாத்திரை. முன் அறையில் கருவியின் அடையாள அட்டையும், நான் தட்டச்சு செய்து லேமினேட் போட்ட ஒரு தாளும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது, எதற்கு, எழுதிய டாக்டரின் நம்பர். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: புது மருந்து எது எழுதினாலும் க்யூடி பார்த்து எழுதவும்.

அப்புறம் இன்வாய்ஸ். கண்டக்டர்கள் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட்டின் ஆரம்ப எண், முடிவு எண் எழுதுவார்கள், வசூலோடு டேலி ஆக வேண்டும். அப்பா ஒரு நீள நோட்டில் அதே மாதிரி கோடு போட்டார். மாத்திரை, பலம், ஆரம்ப எண்ணிக்கை, முடிவு எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளைத் தரையில் பரப்பி எண்ணுவார். கடைக்காரரிடம் அட்டையை வெட்டிக் கொடுக்கக்கூடாது, முழு அட்டைதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெட்டிய துண்டில் சில சமயம் பெயர் இருக்காது, சில சமயம் தேதி இருக்காது.

ஒருமுறை தம்பி போய் வாங்கி வந்தான். 200 இல்லை என்று கடையில் 100 கொடுத்து, இரண்டாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டான். எண்ணிக்கை சரியாக இருந்தது, பலம் என்ற கட்டத்தில்தான் இடித்தது. ஐந்து நாள் பாதி மருந்து போயிருந்தது. இன்னொரு பக்கம், கம்பெனிப் பெயர் மட்டும் வேறாக இருக்கும் ஒரே மருந்தை இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்கிற ஆபத்தும் இருக்கிறது. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோபுரோலால் விஷயத்தில் எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இது நடந்திருக்கிறது. துடிப்பு 40-க்குக் கீழே இறங்கி விழுந்துவிட்டார்.

2021-இல் அந்த நோட்டுதான் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 18 மாத்திரை அதிகம் இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். போனில் யாரோ அனுப்பிய வீடியோவில், இந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று சொன்னார்களாம். "நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணுமே ஆகலையே தாயி."

ஒன்றும் ஆகாதுதான், சில வாரங்களுக்கு. இந்த மருந்து கொழுப்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் போய்த் தங்கிவிடுகிறது. உடம்பில் இருப்பது பாதியாகக் குறையவே சராசரியாக 58 நாள் ஆகும், சிலருக்கு 100 நாளையும் தாண்டும். நிறுத்தியவருக்கு மருந்து தேவையே இல்லை என்ற நம்பிக்கை வளர்ந்துகொண்டிருக்கும், உள்ளே சரக்கு மெல்ல மெல்லத் தீர்ந்துகொண்டிருக்கும். டாக்டரே நிறுத்தச் சொன்னாலும் மாசக்கணக்கில் அது உடம்பில் இருப்பதால், அப்போதும் மற்ற டாக்டர்களிடம் பெயரைச் சொல்லத்தான் வேண்டும்.

மதுரை டாக்டர் திட்டவில்லை. ஈரல் பயம் பொய் இல்லை என்றார். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலுக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே. அன்றே எடுத்தோம், ஈரல் நன்றாக இருந்தது. பயம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள், தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேளை மறந்துபோனாலும், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம்.

தைராய்டுதான் எங்களுக்கு வந்தது. ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் அயோடின் மட்டும் 75 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாள் தேவையே 150 மைக்ரோகிராம்தான். இவ்வளவு அயோடினைத் தாங்காமல் சிலருக்குத் தைராய்டு சோர்ந்துபோகும், சிலருக்கு எகிறும். எகிறினால் இதயத் துடிப்பு மறுபடி கெடும் என்பதால் அதைத் தாமதிக்கவே கூடாது. அப்பாவுக்குச் சோர்ந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டார், மலச்சிக்கல், பேச்சு மெதுவானது. வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையைச் சேர்த்தார்கள், அமியோடரோனை நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் பழைய அப்பா திரும்பிவிட்டார்.

நுரையீரலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சிலருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் மோசம். வறட்டு இருமல் நாளாகியும் போகவில்லை, மாடி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குகிறது என்றால் சளி என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். கண்ணில் நுண்ணிய படிவுகள் ஏறக்குறைய எல்லாருக்கும் வருமாம், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாக அப்பா சொல்வார். பார்வை மங்கினால் மட்டும் உடனே காட்ட வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்து எரியும், கரிசல் காட்டு வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும்.

அடுப்படிக்கும் இதில் பங்கு உண்டு. தொண்டை கரகரப்புக்கு அப்பா அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்வார். அதிமதுரம் நல்ல மருந்துதான், ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைக்கும். அப்பாவுக்கு அதை நிறுத்திவிட்டோம். பொட்டாசியம் குறைந்தது என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் குலை குலையாக இளநீர் கொண்டுவந்தார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையைச் சேர்த்திருந்ததால், அதிகமானாலும் ஆபத்து என்று டாக்டர் அளவு சொல்லிவிட்டார். அப்புறம் கிரேப்ஃப்ரூட். மருந்துத் தாளில் அதைச் சாப்பிடாதே என்று இருக்கும். அதைத் திராட்சை என்று எடுத்துக்கொண்டு அம்மா ஒரு வருஷம் வீட்டில் திராட்சையே வாங்கவில்லை. அது நம் பம்பளிமாஸுக்கு நெருங்கிய உறவுப் பழம். தவிர்க்க வேண்டியது பம்பளிமாஸையும்தான், திராட்சையை இல்லை.

ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டிகாக்சின் சாப்பிடுகிறவர்களும் இதே அமியோடரோனைச் சேர்க்கும்போது அந்த மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டிவரும். அப்பாவுக்கு அவை இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே கேளுங்கள்.

போன மாதம் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். பல் டாக்டர் சின்னப் பெண். வாங்கிப் படித்துவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, மதுரைக்குப் போன் போட்டார். மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் சேர்ந்தது வேண்டாம், ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் அமாக்ஸிசிலின் போதும் என்று பேசி முடிவு செய்தார்கள். பல் எடுத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு, கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் சீட்டை வாங்கிக்கொண்டு, "தாத்தா வேற மாத்திரை எதும் சாப்பிடுறீங்களா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பஞ்சைக் கையில் எடுத்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பைச் சொல்கிற அதே குரலில், கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்: "அமியோடரோன். எரநூறு."